பத்துக்கு இரண்டு, ஒன்பதுக்கு மூன்று

2022 அக்டோபர் 13 அன்று, ஃப்ளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நீதிமன்றத்தில் ஜூரியின் முடிவைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் போல ஆயிற்று. பார்க்லாந்து பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 17 பேர். ஆளுக்கொரு படிவம் என்று 17 படிவங்கள். முதல் படிவத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கொடுமை நிரூபணமாகியிருக்கிறது, மரண தண்டனைக்குப் போதுமான காரணம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்டனைக்கு 12 பேரும் ஒத்துப்போகவில்லை. மீதிப் பதினாறு படிவங்களும் அதையே சொல்லப் போகின்றன என்று தெரிந்த பிறகும், தம் பிள்ளையின் பெயர் வரும்வரை பெற்றோர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. சிலர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள்.

ஒன்பது பேர் மரணம் என்றார்கள், மூன்று பேர் ஆயுள் என்றார்கள். அன்றைய சட்டப்படி ஒருவர் மறுத்தாலே போதும், மரண தண்டனை கிடையாது. கொலையாளி பரோல் இல்லாத ஆயுள் தண்டனையுடன் சிறைக்குப் போனான்.

ஜூரி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்காகத்தான் இருக்கும். 1945-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரி. ஆனால் அங்கே ஜூரியின் வேலை அதோடு முடிந்தது. என்ன தண்டனை என்பது நீதிபதியின் பாடு. அமெரிக்காவில் மரண தண்டனை உள்ள மாநிலங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது கேள்வியையும் ஜூரியிடமே கொடுத்திருக்கின்றன. குற்றம் செய்தானா என்று ஒரு விசாரணை. செய்தான் என்றால், சாக வேண்டுமா என்று அதே பன்னிரண்டு பேரின் முன்னால் இன்னொரு விசாரணை. பார்க்லாந்து வழக்கில் முதல் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. 2021 அக்டோபரில் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று மாதம் நடந்தது முழுக்க இரண்டாவது கேள்விதான். ரத்தக்கறை கழுவப்படாமல் அப்படியே வைக்கப்பட்டிருந்த பள்ளிக் கட்டடத்தை ஜூரர்கள் நடந்து பார்த்தார்கள். அவன் கருவில் இருந்தபோது தாய் குடித்த மதுவால் மூளை பாதிக்கப்பட்டவன் என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

தீர்ப்பு வந்த சில மணி நேரத்தில் பெற்றோர்கள் மைக் முன்னால் நின்றார்கள். இதற்கு இல்லாத மரண தண்டனை வேறு எதற்கு என்பது அவர்கள் கேட்டதன் சாரம். ஆளுநர் ரான் டிசான்டிஸ் தமக்கு ஏமாற்றம் என்றார். கொல்லப்பட்ட ஒரு மாணவியின் சகோதரர் மட்டும், தமக்கு மரண தண்டனையே உடன்பாடில்லை என்று சொல்லி வந்தார். அந்தக் குரல் அன்றைய இரைச்சலில் அதிகம் கேட்கவில்லை. ஜூரியின் தலைவர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பேசினார்: ஒருவர் அசையவே இல்லை, கடைசியில் இன்னும் இருவர் அவரோடு சேர்ந்தார்கள் என்று. அவ்வளவுதான். அந்த ஒருவர் யார் என்பதே ஊரின் கேள்வியாயிற்று. விசாரணை தொடங்கும் முன்பே மனத்தை முடிவு செய்துகொண்டு வந்தவர் என்ற பேச்சு எழ, ஆயுளுக்கு வாக்களித்த ஒரு பெண், அது உண்மையில்லை என்று நீதிபதிக்குக் கைப்பட எழுதினார். தம் முடிவைச் சொன்னதும் அறைக்குள்ளேயே சிலர் கடுமையாக முகம் சுளித்ததாகவும் அதில் எழுதியிருந்தார். மறுநாள் அரசுத் தரப்பு இன்னொரு மனுவோடு வந்தது. அறைக்குள் சக ஜூரர் ஒருவர் தம்மை மிரட்டியதுபோல் உணர்ந்ததாக ஒரு ஜூரர் சொல்கிறார், விசாரிக்க வேண்டும் என்று.

இதை அரைநூற்றாண்டுக்கு முந்தைய ஃப்ளோரிடாவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

1972 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அன்றிருந்த மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் புதிய சட்டம் எழுதிக்கொண்ட முதல் மாநிலம் ஃப்ளோரிடா. அந்தச் சட்டத்தில் ஜூரி சொல்வது ஆலோசனை. ஏழுக்கு ஐந்து போதும். அந்த ஆலோசனையையும் நீதிபதி ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆயுள் என்று ஜூரி சொன்னாலும் மரணம் என்று அவர் எழுதலாம்.

எழுதவும் செய்தார்கள். எர்னஸ்ட் டாபர்ட் என்பவன் தன் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திக் கொன்றவன். 1974-ல் அவன் வழக்கில் ஜூரி பத்துக்கு இரண்டு என்று ஆயுளைப் பரிந்துரைத்தது. நீதிபதி மரண தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் 1977-ல் அதை உறுதிசெய்தது. 1984 செப்டம்பர் 7 அன்று அவன் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான்.

எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்று பத்து பேர் வேண்டாம் என்றும் மரணம். 2022-ல் ஒன்பது பேர் வேண்டும் என்றும் ஆயுள். இரண்டும் ஒரே மாநிலம்.

நான் யோசிப்பது அந்தப் பத்துப் பேரைப் பற்றி. பிள்ளைகளைக் கொன்றவனுக்கு உயிர்ப் பிச்சை கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள்மேல் யாரும் கோபப்பட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அவர்கள் சொன்னது நடக்கவில்லையே! சொன்னார்கள், நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் நீதிபதி. அங்கே அவர் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வாக்காளர் முன் நிற்கிறவர். தண்டனை நாளைக் குறிக்கிறவர் ஆளுநர். அவரும் தேர்தலில் நிற்கிறவர். ஊரின் கோபமும் மகிழ்ச்சியும் அவர்களைச் சுற்றித்தான் இருந்தன. 1989 ஜனவரி 24 விடியலில் தொடர் கொலையாளி டெட் பண்டியை ஸ்டார்க் ஊருக்கு அருகிலுள்ள சிறையில் கொன்றபோது, சிறைக்கு எதிரே வெட்டவெளியில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். பட்டாசு வெடித்தது, வாசகம் அச்சிட்ட பனியன்கள் விற்றன, சிலர் வாணலியைக் கொண்டுவந்து தட்டினார்கள். அன்று கூட்டம் கூடிய இடம் சிறையின் வாசல். 2022-ல் அது ஜூரி அறையின் வாசலுக்கு வந்துவிட்டது. இடையில் ஃப்ளோரிடா தண்டனையை நிறைவேற்றுவதைக் குறைத்துக்கொண்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1976-க்குப் பிறகு ஓர் ஆண்டில் அதிகபட்சம் எட்டுப் பேர் என்றிருந்தது. 2025-ல் அது இரு மடங்கைத் தாண்டியது. வாணலிக் கூட்டத்தைத்தான் காணோம்.

கோபம் இடம் மாறியதற்குக் காரணம் அதிகாரம் இடம் மாறியது. அதற்கு ஒரு நாள் உண்டு: 2016 ஜனவரி 12. பென்சகோலா ஊரில் ஓர் உணவகத்தில் 1998-ல் சக ஊழியரைக் கொன்ற குற்றத்துக்காகத் திமோத்தி ஹர்ஸ்ட் என்பவனுக்கு ஏழுக்கு ஐந்து என்ற ஜூரி ஆலோசனையின்மேல் நீதிபதி மரண தண்டனை விதித்திருந்தார். மரணத்துக்கு அடிப்படையான உண்மைகளை முடிவுசெய்ய வேண்டியது ஜூரி, நீதிபதியல்ல என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. ஃப்ளோரிடா சட்டசபை அதே ஆண்டு மார்ச்சில் பத்துக்கு இரண்டு என்று சட்டத்தைத் திருத்தியது. அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அதுவும் போதாது, பன்னிரண்டும் வேண்டும் என்றது. 2017 மார்ச்சில் ஒருமித்த முடிவே சட்டமாயிற்று. பழைய கைதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மறுவிசாரணைக்குத் தகுதி பெற்றார்கள். நீதிமன்றம் எல்லையாக வைத்த 2002 ஜூன் 24-க்கு முன்பே மேல்முறையீடு முடிந்துபோனவர்களுக்கு அது கிடையாது. நாட்காட்டியில் ஒரு தாள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் உயிர் நின்றது. ஹர்ஸ்டுக்கு, 2020-ல் புதிய ஜூரி ஒருமனப்படாததால், ஆயுள்.

ஒருமித்த முடிவு வேண்டும் என்றால் அறைக்குள் என்ன மாறுகிறது? ஏழு பேர் சேர்ந்துவிட்டால் மற்ற ஐவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. பன்னிரண்டும் வேண்டுமென்றால் ஒருவரைக்கூட விட்டுவிட முடியாது. அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தாக வேண்டும், அல்லது அவரை அசைக்கப் பார்க்க வேண்டும். இரண்டும் நடக்கும். தயங்குகிறவரின் சொல்லுக்கு முன்பு எடை இல்லை, அதனால் அவருக்கு ஆபத்தும் இல்லை. 2017-க்குப் பிறகு எடை வந்தது. கூடவே நெருக்கடியும் வந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடிந்ததாகத் தெரியவில்லை.

இந்த மாற்றம் முழுவதையும் ஒரே ஆயுளில் பார்த்த ஒருவர் பார்க்லாந்து வழக்கின் அரங்கத்திலேயே இருந்தார். அரசுத் தரப்பில் வாதாடிய மைக்கேல் சாட்ஸ். 1976-ல் ப்ரோவர்ட் கவுண்டியின் தலைமை அரசு வழக்குரைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 44 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், 80 வயதில் இந்த வழக்கை நடத்தியவர். அவர் பதவிக்கு வந்தபோது ஏழு பேரின் மனத்தைத் தொட்டால் போதும். கடைசி வழக்கில் ஒன்பது பேரைத் தொட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

2023 ஏப்ரல் 20 அன்று டிசான்டிஸ் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்போது எட்டுக்கு நான்கு போதும். குற்றத்தைக் கடுமையாக்கும் காரணம் ஒன்றையாவது பன்னிரண்டு பேரும் ஏற்க வேண்டும். அதன்பின் சாக வேண்டுமா என்பதற்கு எட்டு. அமெரிக்காவில் மரண தண்டனை உள்ள எந்த மாநிலத்திலும் இதைவிடக் குறைந்த எண் இல்லை. அலபாமாவில்கூட பத்து வேண்டும். பழைய காலம் அப்படியே திரும்பி வரவில்லை. ஜூரி ஆயுள் என்று சொல்லிவிட்டால் நீதிபதி அதை மரணமாக்க முடியாது. டாபர்ட்டுக்கு நேர்ந்தது இனி நேராது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொரு கணக்கு. ஃப்ளோரிடாவில் கடையில் திருடியவனைக் குற்றவாளி என்று சொல்ல ஆறு பேர் கொண்ட ஜூரி. ஆறு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். உயிரை எடுக்கப் பன்னிரண்டில் எட்டு.

சட்டம் பார்க்லாந்து பெற்றோர்களுக்குக் காலம் கடந்து வந்தது. அந்த வழக்கைத் திரும்ப எடுக்க முடியாது. இனி வருகிறவர்களுக்கு இப்படி நேராது என்ற ஆறுதலுக்காக அவர்களில் சிலர் அதைக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஆறுதலைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை; பதினேழாவது படிவம்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டியது இன்னொரு எண்ணை. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டவர்கள் ஃப்ளோரிடாவில் மட்டும் 30 பேர். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவர்களில் பலருடைய ஜூரி ஒருமனப்பட்டிருக்கவில்லை. தயங்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். எண்ணிக்கையில் சேரவில்லை.

2019 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஸீப்ரிங் என்ற சிற்றூரின் வங்கியில் ஐந்து பெண்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். பார்க்லாந்து கொலையாளியைப் போலவே அவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அங்கேயும் ஜூரிக்கு மிஞ்சியது தண்டனைக் கேள்வி மட்டும்தான். 2024 ஜூனில் அவர்கள் வாக்களித்தார்கள்: ஒன்பதுக்கு மூன்று. அதே எண். புதிய சட்டத்தில் அது மரணம். டிசம்பரில் நீதிபதி அதையே தண்டனையாக விதித்தார்.

அந்த ஜூன் மாத நடுவில்தான், சுமார் 175 கிலோமீட்டருக்கு அப்பால், பார்க்லாந்து பள்ளியின் அந்தக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். சாட்சியமாக ஆறாண்டு பூட்டிவைத்திருந்த கட்டடம். பெற்றோர் சிலர் வந்து நின்று பார்த்தார்கள். ஸீப்ரிங்கின் அந்த மூன்று பேர் யார், ஏன் மறுத்தார்கள் என்று ஊர் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.