மஞ்சள் புத்தகம் மட்டும் போதாது

கானா, நைஜீரியா, உகாண்டா என்று வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பலரும் விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் தடுப்பூசியை விசாரிக்கிறார்கள். பயணத்துக்கு ஒரு வாரம்கூட இருக்காது. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அது போதாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அதற்கான சான்றிதழ், அதாவது மஞ்சள் புத்தகம், செல்லும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. போன உடனே போட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தால் கொட்ட வேண்டியதுதான். அதனால் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். மஞ்சள் புத்தகத்தில் எழுதும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்ற பழைய விதி 2016 ஜூலையில் மாறிவிட்டது. முன்பு வாங்கிய புத்தகத்துக்கும் இது பொருந்தும்.

ஊசி போடாமலே புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டால் வைரஸை ஒழிக்கத் தனி மருந்து கிடையாது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. வைரஸ் மட்டும்தான் இந்தியாவுக்குள் இன்னும் வரவில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பது அதனால்தான். அந்தக் கெடுபிடி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தத் தடுப்பூசி உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டி முதல்முறை போடுகிறவர்கள் எல்லாம் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். போடக் கூடாது என்று முடிவானால் மருத்துவ விலக்குக் கடிதம் தருவார்கள். போகிற நாடு அதை ஏற்குமா என்று தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டில் கேட்பது மஞ்சள் புத்தகத்தை. அங்கே போய் இறங்கியபின் அதைவிட அதிகம் பயப்பட வேண்டியது மலேரியாவுக்கு. அதற்கு எந்த அதிகாரியும் சான்று கேட்பதில்லை, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் காண்பது ஃபால்சிபாரம் வகை. மூளையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரையே எடுக்கக்கூடியது. குளோரோகுயின் அங்கே பெரும்பாலும் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் போன்ற தடுப்பு மாத்திரைகளில் உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். வந்துவிட்டோமே என்று இடையில் நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும். மலேரியாக் கொசு கடிப்பது இரவில்.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளையும் அதே டாக்டரிடம் கேட்டுவிடலாம். பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போனால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எந்த நாட்டிலிருந்து, எப்போது வந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.