உஷார்! பனிமலையில் வீடு விலைக்கு வருகிறதா?

ஜன்னலைத் திறந்தால் நந்தாதேவி சிகரம், வாசலில் இறங்கினால் பனிச்சறுக்கு, நீங்கள் போகாத மாதங்களில் சுற்றுலாக்காரர்கள் தரும் வாடகை. ஔலி, மணாலி பக்கம் மனையும் ஸ்டுடியோ ஃப்ளாட்டும் விற்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "இப்போதைக்கு அட்வான்ஸ் மட்டும் போடுங்க சார்" என்று முடிப்பார்கள். போட்டுவிடாதீர்கள், இதைப் படித்து முடிக்கும்வரையாவது.

உத்தராகண்டில் இருக்கும் ஔலியின் சறுக்குச் சரிவுகள் கடல் மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அதற்கு அடிவாரத்து ஊர் ஜோஷிமட். பத்ரிநாத் போகும் தமிழ் யாத்ரிகர்கள் கடந்து போகிற ஊர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்பது வைணவ மரபு. ஔலிக்கு ரோப்கார் கிளம்பியதும் இங்கிருந்துதான். சறுக்க வருகிறவர்களுக்காகவும் யாத்ரிகர்களுக்காகவும் ஹோட்டல்கள் பெருகின, மாடிகள் உயர்ந்தன.

2023 ஜனவரியில் அந்த ஊரின் தரை பிளந்தது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். அதிகாரிகள் வீட்டுச் சுவர்களில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுக் குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். மலாரி இன், மவுண்ட் வியூ என்ற இரண்டு ஹோட்டல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிட, இரண்டையும் பிரித்து இறக்க வேண்டியதாயிற்று. ரோப்கார் நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த இஸ்ரோவின் தொலையுணர்வு மையம், 12 நாட்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருப்பதாகச் சொன்னது. சில நாட்களில் அந்த அறிக்கை இணையதளத்தில் இல்லை. அனுமதியின்றி யாரும் ஊடகங்களிடம் பேசக் கூடாது என்று விஞ்ஞான நிறுவனங்களுக்கு உத்தரவு பறந்தது. பேரிடர் சமயத்திலேயே கதை இப்படியென்றால், மனை விற்கிற புரோக்கர் உங்களிடம் எதைச் சொல்லிவிடப் போகிறார்?

இத்தனைக்கும் இது திடீரென்று தெரிய வந்த ரகசியமல்ல. அன்றைய கார்வால் கமிஷனர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு 1976லேயே எழுதிக் கொடுத்திருந்தது: ஜோஷிமட் நிற்பது பாறை மீதல்ல, எப்போதோ சரிந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின் மீது. கனத்த கட்டுமானம் கூடாது, வெடி வைக்கக் கூடாது, சரிவில் மரம் வெட்டக் கூடாது. அறிக்கை அலமாரிக்குப் போனது, கட்டடங்கள் சரிவில் ஏறின.

நம் ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம், மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். மலையில் இந்தக் காகிதமெல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். வில்லங்கம் அடியில் மண்ணில் இருக்கும். அதற்கு எந்தப் பதிவு அலுவலகமும் சான்று தராது. தனியாக ஒரு புவியியல் நிபுணரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். சுவரில் விரிசல் விழுந்தாலும் வங்கிக்கு மாதத் தவணை போயாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டம் இன்னொரு கண்ணி. மணாலி, சோலாங் இருக்கும் இமாசலப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டின் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 118ஆவது பிரிவின்படி, அந்த மாநிலத்தில் விவசாயியாக இல்லாத எவரும் அரசின் அனுமதியில்லாமல் நிலம் வாங்க முடியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், உள்ளூர்க்காரர் பெயர்ல பத்திரம், உங்க பெயருக்கு பவர்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பினாமி, பவர், ஒப்பந்தம் என்று சுற்றி வளைத்து வாங்குவதையும் அந்தப் பிரிவு நில மாற்றமாகவே பார்க்கிறது. பிடிபட்டால் நிலம் அரசுக்குப் போகும். போன பணத்தைக் கேட்டு நீங்கள் எந்தக் கோர்ட்டில் எதைக் காட்டுவீர்கள்?

உத்தராகண்டிலும் பிடி இறுகிவிட்டது. ஹரித்வார், உதம்சிங் நகர் தவிர மற்ற 11 மாவட்டங்களில் வெளிமாநிலத்தவர் விவசாய, தோட்ட நிலம் வாங்க 2025இல் தடை வந்தது. ஔலி இருக்கும் சமோலியும் அந்தப் பதினொன்றில் அடக்கம். நகராட்சி எல்லைக்கு வெளியே வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு ஒரே முறை 250 சதுர மீட்டர், அதுவும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து. "ஆப்பிள் தோட்டத்தோடு ஒரு ஏக்கர்" என்பவர்களைப் பார்த்து இனி சிரித்துவிட்டுப் போகலாம்.

காஷ்மீரின் குல்மார்கில் ஹோட்டல்கள் நிற்பது அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலத்தில். 2022இல் வந்த நில ஒதுக்கீட்டு விதிகள், காலம் முடிந்த குத்தகைகளைப் பழைய ஆட்களுக்கே நீட்டிக்காமல் ஏலத்துக்கு விடச் சொல்கின்றன. அங்கே ஹோட்டலில் பங்கு, அறையில் பங்கு என்று எது வந்தாலும் முதல் கேள்வி குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது என்பதாக இருக்கட்டும்.

சரி, மண்ணும் சட்டமும் கைகொடுத்தன என்றே வைத்துக்கொள்வோம். பனி? 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பழுப்புப் புல்லோடு வெறிச்சோடிக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. 2023இல் ஔலியின் தேசியப் போட்டிகள் நடக்கவே இல்லை. சீசனே சில வாரங்கள்தான். அதில் பனி தாமதித்தால் அறை பதிவுகள் ரத்தாகும். உறுதி வருமானம் என்று அச்சிட்டுக் கொடுக்கும் கம்பெனி, அந்த உறுதியை எந்த வங்கி உத்தரவாதத்தில் எழுதித் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இமாசலம் என்றால் 118ஆவது பிரிவு அனுமதிக் கடிதத்தின் நகல், உத்தராகண்ட் என்றால் நிலத்தின் வகையும் நகராட்சி எல்லை விவரமும், குல்மார்க் என்றால் குத்தகைப் பத்திரம். இவற்றை எழுத்தில் கேளுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, அந்த மாவட்டத்தில் தொழில் செய்யும் வேறொரு வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை இரண்டாவது தவணையைக் கட்டாதீர்கள்.