நடுச்செவி என்னும் நல்வாயில்

கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்னும் அதிகாரத்தை அமைத்தார். செவிவழி வரும் அறிவுக்கு அவர் அளித்த ஏற்றம் அதனால் புலனாகும். அக்கேள்விக்கு வாயிலாக அமைந்த செவியின் அமைப்பை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்னும் மூன்றனுள் இடைநின்று அரும்பணி ஆற்றும் நடுச்செவியை மட்டும் ஈண்டுக் காண்போம்.

செவித்துளையின் முடிவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதுவே செவிப்பறை. அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிற்றறையே நடுச்செவி. அவ்வறையில் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்பன அவற்றின் பெயர்கள். முன்னிரண்டும் கொல்லன் உலைக்களத்தையும் பின்னது குதிரை வீரனின் கால்தாங்கியையும் நினைவூட்டுகின்றன. அங்கவடியே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே.

காற்றில் வரும் ஒலி நேராக உட்செவியை அடைந்தால் ஆகாதா, இத்தனை எலும்புகள் எதற்கு என்னும் ஐயம் எழலாம். குளத்தில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையில் நிற்பவன் அழைக்கும் குரல் தெளிவாகக் கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலியாற்றலில் 99.9 விழுக்காடு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுவதே காரணம். உட்செவியும் நீர்மம் நிறைந்ததே. ஆகவே ஒலியின் அழுத்தத்தைப் பெருக்கித் தர ஓர் இடையீட்டாளர் வேண்டும். செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு. பெரும்பரப்பில் பெற்ற விசை சிறுபரப்பில் குவிகின்றது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு அதனை மேலும் 1.3 மடங்காக்குகின்றது. இவ்விரண்டாலும் அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்கு உயர்கின்றது.

பேரொலி எழுங்கால் நடுச்செவியின் சிறுதசைகள் இறுகி எலும்புகளின் அசைவைக் குறைக்கின்றன. ஆயினும் அவை இறுகுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். எனவே செவியருகே திடீரென வெடிக்கும் வெடியின் தாக்குதலை அவை தடுக்க இயலா.

நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழல் ஒன்றும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அதனை விரித்துரைத்த இத்தாலிய அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் அஃது யூஸ்டேசியன் குழல் எனப்படுகின்றது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமமாக்குகின்றது. மலைப்பாதையில் பேருந்து ஏறுகையில் அடைத்த காது, எச்சில் விழுங்கியதும் திறப்பது இதனாலேயே.

குழந்தைகளுக்கு இக்குழல் குறுகியதாகவும் கிடைமட்டமாகவும் அமைந்திருத்தலின், சளித்தொல்லை எளிதில் நடுச்செவிக்குப் பரவுகின்றது. குழல் அடைபட்டால் உள்ளே நீர் கோக்கும். சிலபோது வலியே இன்றிக் கேட்கும் திறன் மட்டும் மங்கும். சீழ் பிடித்தால் செவிப்பறையில் துளையும் விழலாம். 'காது ஒழுகினால் வளர வளரச் சரியாகிவிடும்' என்று வாளாவிருத்தலும், காய்ச்சிய எண்ணெயை ஊற்றுதலும், கொண்டையூசியால் குடைதலும் கேட்டினையே விளைக்கும். காது மருத்துவரிடம் உடனே காட்டுதலே அறிவுடைமை.

இங்கு நம் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைசி இருக்கையில் அமர்ந்த மாணவன் ஒருவன் வினாக்களுக்கு மறுமொழி கூறாதிருந்தான். அதனைச் செருக்கெனக் கருதிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். இளமையிலிருந்தே அவனுக்குக் காது ஒழுகியதையும், இரு செவிப்பறைகளிலும் துளை இருந்ததையும் பின்னரே அறிந்தோம். அவனை முன்னிருக்கைக்கு மாற்றினோம், மருத்துவரிடமும் அனுப்பினோம். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலவில்லை.

வகுப்பில் ஒருவன் வாய் திறவாதிருப்பின், அவன் அறிவை ஐயுறுமுன் அவன் செவியை எண்ணுவோம். கேள்விச் செல்வத்தை வழங்கும் நாம், பெறுவோனின் வாயில் திறந்திருக்கின்றதா என்று முதலில் பார்த்தல் நம் கடமையன்றோ?