லாபம், ரெண்டு, மூணு…

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் வயலுக்குப் போனேன். மூன்று மா ஆந்திரா பொன்னி. இலை நுனிகள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. ஓரத்தில் நெளிநெளியாக மஞ்சள் இறங்கியிருந்தது. பக்கத்து வயல் பெரியப்பா வரப்பில் நின்றபடியே, "யூரியா பத்தல தம்பி, அரை மூட்டை வீசு" என்றார்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவன். சட்டென்று வீசிவிட மனசு வராது. ஓர் இலையை எடுத்துவந்து, கருகலும் பச்சையும் சேருமிடத்தில் கத்தரித்து, வெட்டுவாய் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். சில நிமிஷத்தில் பால்போல ஓர் இழை கசிந்து கீழே இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா. சத்துக் குறைவென்றால் தண்ணீர் தெளிவாகவே நின்றிருக்கும். இது பாக்டீரியா இலைக்கருகல். இதற்குப் போய் யூரியா போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பது.

கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. தனக்கு வேண்டிய சோற்றை நெல்லையே பரிமாற வைக்கும் கில்லாடி. தன் புரதத்தை ஊசி போட்டதுபோல இலைச் செல்லுக்குள் செலுத்தும். அது ஸ்வீட்11 என்ற ஜீனின் முகப்பில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிடும். சர்க்கரை மதகு திறந்துகொள்ளும். கசிகிற சர்க்கரையில் கிருமி கொழிக்கும்.

இத்தனை ஆயிரம் ஜீன்களில் அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? புரதத்தின் நடுவே 34 அமினோ அமிலம் கொண்ட துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அநேகமாக எல்லாம் ஒரே அச்சு. 12, 13ஆம் இடங்களில்தான் முக்கியமான வித்தியாசம். அந்த இரண்டும் சேர்ந்து நெல்லின் டிஎன்ஏயில் ஓர் எழுத்தைப் படிக்கும். துண்டுக்கு ஓரெழுத்து. 2009இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்தக் கணக்கை அவிழ்த்தன.

பெரியப்பா களத்தில் "லாபம், ரெண்டு, மூணு" என்று பாடிக்கொண்டே நெல் அளப்பார். ஒரு மரக்காலுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இல்லாததால், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், குறையும். ஒரே துண்டு அடுத்தடுத்து வரும் ஜீனுக்கும் அதே தொல்லை. நகலெடுக்கும்போதும், ஒத்த துண்டுகள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும்போதும் எண்ணிக்கையும் வரிசையும் பிசகும். வேறு ஜீனாக இருந்தால் இந்தப் பிசகு பெரும்பாலும் கெடுதல். கிருமிக்கோ சில சமயம் புதுச் சாவி. ஸ்வீட்11ஐத் திறக்கும் புரதத்தில் இருபத்துமூன்றரைத் துண்டுகள் (ஆமாம், அரைதான், கடைசித் துண்டு பாதியில் நின்றுவிடுகிறது). இன்னொரு வகைக் கிருமியின் புரதத்தில் இருபத்தைந்தரை. அது ஸ்வீட்14 என்ற வேறு மதகைத் திறக்கிறது.

நெல்லும் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ஏ13 எதிர்ப்புத்திறன் உள்ள நெல்லில் ஸ்வீட்11இன் முகப்பெழுத்துகளே மாறியிருக்கும். பழைய சாவி நுழையாது. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21, செல்லுக்கு வெளியே தலைநீட்டிக் கிருமியை மோப்பம் பிடிக்கும். வேடிக்கை, அந்தத் தலையும் திரும்பத் திரும்ப வரும் 23 துண்டுகளால் ஆனது. எண் கிட்டத்தட்டப் பொருந்தியது தற்செயல்தான். எனக்கு என்னவோ மறக்கவே மாட்டேன் என்கிறது.

இந்த இரண்டோடு எக்ஸ்ஏ5 என்ற இன்னொரு எதிர்ப்பு ஜீனையும் சேர்த்து, ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் நம் ஆந்திரா பொன்னிக்குள், அதாவது பிபிடி 5204க்குள், ஏற்றின. எல்லாம் இனக்கலப்பு வழியாகத்தான்; மரபணு மாற்றப் பயிர் இல்லை. 2008இல் மேம்பட்ட சம்பா மசூரி என்று வெளியிட்டார்கள். ஒரு பூட்டுக்குப் புதுச் சாவி செய்துகொள்ளும் கிருமிக்கு, மூன்றுக்கும் ஒரே நேரத்தில் செய்வது லேசில்லை.

என் வயலில் இருந்தது பழைய விதை. தண்ணீரை வடித்துவிட்டுச் சாணிக் கரைசலை வடிகட்டித் தெளித்தேன். டம்ளரைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, கதை முழுக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அரை மூட்டை மிச்சம்" என்றார்.