பள்ளிக்கூட வாயிலில் ஒரு தாய்

மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஆரம்பப் பாடசாலையின் வாயிலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையில் ஒரு ஸ்திரீ உட்கார்ந்திருக்கக் கண்டோம். மூளை முடக்குவாதத்தால் கைகால் வசப்படாத அவருடைய மகன் உள்ளே நாலாம் வகுப்பில் இருக்கிறான். வயல் வேலைக்குப் போகலாகாதா என்று நாம் கேட்டதற்கு, “நான் போயிட்டா இவனை வெளிக்கு யாருங்கய்யா தூக்கிட்டுப் போவா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நாம் வக்கீல் தொழில் செய்தவர். ஆயினும் அக்கேள்விக்கு உடனே பதில் சொல்ல நாவெழவில்லை.

சட்டத்தில் பதில் உண்டா என்று வீடு திரும்பியதும் தேடினோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ல் அமுலுக்கு வந்தது. அதன் 16-வது ஷரத்து ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டிய ஆதரவை அளிக்க வேண்டுமென்கிறது. அதே ஷரத்தின் ஓர் உட்பிரிவு, அதிக உதவி தேவைப்படும் குழந்தைக்கும் அதன் துணையாளுக்கும் வாகன வசதி செய்து தரச் சொல்லுகிறது. அத்துணையாளை யார் நியமிப்பது, சம்பளம் யார் கொடுப்பது என்பதைப் பற்றி அவ்வுட்பிரிவில் பேச்சில்லை. வண்டியில் துணையாளுக்கு இடம் போட்டாயிற்று, ஏறுவதற்குத்தான் ஆளில்லை!

சிறப்பு உபாத்தியாயர்கள் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாகவே பேசியிருக்கின்றனர். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில், 2021 அக்டோபரில், ஆரம்பப் பள்ளிகளில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒருவரும், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவரும் வேண்டுமென்றனர். 2025 மார்ச் 7-ல், ஸ்தானங்களை அம்மாதம் 28-ந் தேதிக்குள் அறிவிக்கும்படி மாகாணங்களுக்கெல்லாம் உத்தரவிட்டனர். சில மாகாணங்களில் ஏறக்குறைய 20 வருஷமாக ஒப்பந்தத்திலேயே காலந்தள்ளும் உபாத்தியாயர்கள் இருப்பதையும் அப்போது குறிப்பிட்டனர். நமது வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்களும் தொகுப்பூதியக்காரர்களே. பாடசாலை பாடசாலையாகவும், படுத்த படுக்கையான குழந்தைகளின் வீடு வீடாகவும் சுற்றும் அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்து போகும் பயிற்றுநர் புதன்கிழமை நண்பகலில் சோறூட்ட முடியுமா?

துணையாளின் வேலையை ஆயா வேலையென்று இளக்காரமாய் நினைப்பவர் உளர். அது பெருந்தவறு. குழந்தையை நாற்காலியிலிருந்து தூக்குவதற்கு ஒரு முறையுண்டு. தவறினால் இருவர் இடுப்புக்கும் கேடு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்குத் தலையை அண்ணாத்திச் சத்துணவு ஊட்டினால் புரையேறி, உணவு மூச்சுக்குழலில் இறங்கி, உயிருக்கே அபாயமாகலாம். ஆட்டிஸமுள்ள பையனொருவன் மணியோசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மணி அடிக்குமுன்பே அவனுக்குச் சொல்லி வைக்கத் தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எப்போது உதவாமலிருப்பது என்பது தெரிய வேண்டும். பையன் பென்சிலைப் பிடிக்க அரை நிமிஷம் தடுமாறுகையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது எளிதன்று. நாமாயிருந்தால் பிடுங்கி எழுதிக் கொடுத்திருப்போம்.

இங்கிலாந்து தேசத்தில் இவ்வகைத் துணையாட்கள் ஏராளம். அங்கே 2003 முதல் லண்டன் கல்விக் கழகத்தார் நடத்திய பெரிய ஆராய்ச்சியொன்றில், துணையாளின் உதவியை அதிகம் பெற்ற பிள்ளைகள் படிப்பில் குறைவாகவே முன்னேறினர் எனக் கண்டனர். துணையாளே வேண்டாமென்பதற்கு இதை ஆதாரமாக்கிவிடலாகாது. அவருக்குப் பயிற்சியுமில்லை, உபாத்தியாயரோடு கலந்து பேச அவகாசமுமில்லை, பிள்ளையை அவரிடம் தள்ளிவிட்டு உபாத்தியாயர் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். ஆராய்ச்சியாளர் குறை கண்டது இந்த ஏற்பாட்டிலேயே.

மதுரைக்கு இத்துறை புதிதன்று. தாமே பார்வையிழந்தவரான ஜனாப் எஸ். எம். ஏ. ஜின்னா 1985-ல் இங்கே நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், சுந்தரராஜன்பட்டியில் பாடசாலை நடத்தி, எத்தனையோ பேரைக் காலேஜ் வரை ஏற்றியிருக்கிறது. ஆனால் தனிப் பாடசாலைக்குப் போகாமல் தம் ஊரிலேயே படிக்கும் குழந்தைகளின் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது. ஜில்லாவின் 13 ஒன்றியங்களிலும் உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்து, பயிற்சி தந்து, மாதச் சம்பளத்தில் நியமிக்கத் தடையென்ன? தாய்க்கே அச்சம்பளத்தைக் கொடுத்துவிடலாமே என்றார் நமது நண்பரொருவர். நாம் இசையோம். ஒன்பது வயதுப் பையனுக்குத் தாயில்லாத சில மணி நேரமும் வேண்டும், தாய்க்கும் அப்படியே.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் அக்கிராமத்தில் பாடசாலையில்லை. அடுத்தது மூன்று கல் தொலைவு. பையனின் கனம் இப்போது 22 கிலோ. மணியடித்ததும் தாய் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரை வழியே நடந்தார். வழியில் இருமுறை இறக்கி வைத்து இளைப்பாறியதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.