சீட்டுக்கு மரியாதை, சீர்செய்யும் கைக்கு?

தாத்தா காலத்து சைக்கிளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வம் இளைஞர்களிடம் பெருகி வருகிறது. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று பழைய வண்டிகளுக்குப் புது வர்ணம் பூசுகிறார்கள். செயின், பெடல், டயர் எல்லாம் கடையில் கிடைத்துவிடும். அந்தக் காலத்துத் தோல் சீட் கிடைப்பதுதான் அரிது. நடுவில் குழிந்து, ஓரம் விரிந்து, வறண்டுபோன சீட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடைசியில் வந்து நிற்பது செருப்பு தைக்கும் தொழிலாளியின் முன்புதான்.

திண்டுக்கல்லில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தோம். அறுபதைக் கடந்த அருந்ததியர் அவர்.

இந்தச் சீட்டுக்குள் பஞ்சும் இல்லை, பலகையும் இல்லை. தடித்த ஒரே தோலைப் பின்பக்க இரும்பு வளைவிலும் மூக்கிலும் ரிவிட் அடித்துத் தொட்டில்போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். மூக்கின் அடியில் உள்ள போல்ட்டைத் திருகினால் தோல் இறுகும். "எல்லாரும் மொதல்ல அதைத்தான் முறுக்குறாங்க. வறண்ட தோல் ரிவிட் ஓட்டையிலேயே கிழிஞ்சிடும்" என்கிறார். அவர் முதலில் செய்தது அந்தப் போல்ட்டைத் தளர்த்தியதுதான்.

ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தபின் வெதுவெதுப்பான நீரில் சீட்டை ஊறவைத்தார். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதியும் பக்குவம் வந்ததும் குழிந்த இடத்தை அடியிலிருந்து மேலே தள்ளினார். செதுக்கிய மரக்கட்டையை உள்ளே கொடுத்து, விரிந்த ஓரங்களை உட்பக்கம் அமுக்கி, பழைய டியூபை நாடாவாகக் கிழித்து இறுகச் சுற்றினார். இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். ஈரத்தோலை வெயிலில் வைத்தால் சுருங்கிப் பலகையாகிவிடும்.

காய்ந்தபின் இருபுறக் கீழ் ஓரத்திலும் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலால் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். இனி ஓரம் விரியாது. தளர்ந்த ரிவிட்டை எடுத்துவிட்டுச் செம்பு ரிவிட் அடித்தார். கடைசியாகத் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்தார். எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் மறுபடியும் தொய்ந்துவிடுமாம்.

தோல் இப்படிச் சொன்னபடி கேட்பதற்குக் காரணம், அது பட்டையில் பதனிட்ட தோல் என்பதுதான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நனைத்து வளைத்தாலும் இந்த அளவுக்கு வடிவத்தில் நிற்காது. ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடும் முறை திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்களுக்குப் பழக்கமானது. 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. தோலுக்குக் குறியீடு கிடைத்தது. சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி உழைத்த தலித்துகளுக்குக் கிடைத்தது தீட்டுப் பட்டம்தான்.

வேலைக்கு அவர் கேட்டது 400 ரூபாய். "ஒரு சீட்டுக்கா?" என்று 150-ல் பேரம் தொடங்கியது. வந்த இளைஞருக்குப் பேரன் வயது. ஆனால் 'நீ', 'வா', 'போ' என்றே பேசினார். பெரியவரோ "தம்பி, உட்காருங்க" என்கிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-ல் தோல் தொழிலில் இறங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் சீட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க இதே ஊரில் ஆள் இருக்கிறது. அங்கே அது கைத்திறன். இங்கே அது சாதி.

தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. "இது எங்களோட போகட்டும்" என்கிறார். அந்த நிம்மதியை நாம் மதிக்கிறோம். சாதி என்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். 2023-ல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை நிபந்தனையாக்கியபோது தமிழ்நாடு எதிர்த்ததும் இதனால்தான். அதற்கு மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது கடந்த எவருக்கும் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 50 ஆயிரம் வரை மானியமும் தருகிறது. ஆனால் மரத்தடிக்காரர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. சாலையோர வியாபாரிகளுக்கான 2014 சட்டப்படி அவருக்கு வர வேண்டிய அடையாள அட்டையும் வரவில்லை.

எனவே நாம் கேட்பது இவைதான். மாவட்ட தொழில் மைய அலுவலர்கள் மரத்தடிகளுக்கு நேரில் சென்று விண்ணப்பம் வாங்க வேண்டும். நகர நிர்வாகம் அடையாள அட்டையும், வெயில் மழைக்கு ஒதுங்க ஒரு பெட்டிக்கடையும் தர வேண்டும். தோல் கைவினையை எல்லாச் சாதி மாணவர்களும் படிக்கும் பாடமாகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வைத்து, இத்தகைய பெரியவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். திறமை நிலைக்கட்டும், சாதி ஒழியட்டும்.

சீட்டோடு போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்ட கூலியைக் கொடுங்கள். 'நீங்க' என்று பேசுங்கள். அதற்கு எந்தத் திட்டமும் வரவேண்டியதில்லை.