கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர்: பாகம் வாங்கும் முன் ஒரு கணக்கு

போனஸ் வந்தால் முன்பெல்லாம் நம்மவர் வீடுகளில் தையல் மெஷினோ, கிரைண்டரோ, டி.வி.யோ வந்து இறங்கும். இப்போது பிள்ளைகள் கேட்பது கம்ப்யூட்டர். அதுவும் கடையில் தயாராக இருப்பது வேண்டாமாம். பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கேமிங் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம்.

பாலாநகரில் லேத் ஓட்டும் சேலத்துக்காரர் ஒருவர் மகனுக்காக 60,000 ரூபாய் ஒதுக்கினார். மகன் எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் பிராசசருக்கும், கலர் விளக்குகள் மின்னும் கேபினட்டுக்குமே பாதிப் பணம் போயிருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு நேரே ‘பிறகு’ என்று இருந்தது. கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசம். “லேத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் காசு இருக்கிறது, மோட்டாருக்குக் காசு இல்லையா?” என்று கேட்டாராம் தகப்பனார். கம்ப்யூட்டர் தெரியாதவர் கேட்ட கேள்விதான். ஆனாலும் விஷயத்தின் மையமே அதுதான்.

எந்த ஆட்டம், எந்தத் திரை?

முதலில் முடிவு செய்ய வேண்டியது பாகத்தை அல்ல, ஆட்டத்தை. 2020-ல் வந்த ‘வேலரண்ட்’ போன்ற ஆட்டங்கள் எளிய கம்ப்யூட்டரிலும் ஓடும். புதிதாக வரும் பெரிய ஆட்டங்களுக்கோ நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நடக்காது. அப்படிப்பட்ட ஆட்டம்தான் குறி என்றால், மானிட்டர் நீங்கலான பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. 60,000 ரூபாயில் அது சுமார் 20,000.

அடுத்தது திரை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு விநாடியில் 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 140 படங்களை வரைந்து தள்ளினாலும் மீதியைக் கண் பார்க்கப் போவதில்லை. 4கே திரையிலோ சாதாரண 1080பி திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு. அத்தனையும் கார்டின் தலையில் சுமை. முதல் கம்ப்யூட்டருக்கு 1080பி திரை தாராளம்.

பொருத்தம் பார்க்க வேண்டாமா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் நாம். இங்கே இரண்டு பொருத்தம் தப்பக்கூடாது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டும் மதர்போர்டும் ஒத்துப்போக வேண்டும். ராம் வகையும் போர்டும் ஒத்துப்போக வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பழைய ஏ.எம்.4 சாக்கெட் போர்டுகள் டி.டி.ஆர்.4 ராம் வகைக்கானவை. 2022-ல் வந்த ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏறும். இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. எது என்று அட்டைப்பெட்டியில் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. பலவந்தமாக அழுத்தினால் போர்டு போய்விடும்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் பிராசசரின் பெயர் ‘எப்’ என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.டி.யின் ‘ரைசன் 5 5600ஜி’ போன்ற ‘ஜி’ வகைகளில் ஓரளவு ஆட்டம் ஆடும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இந்த வகை, கம்ப்யூட்டரின் ராமையே தன் வேலைக்கும் எடுத்துக்கொள்ளும். ஆகவே 16 ஜி.பி. ராமை ஒரே குச்சியாக வாங்குவதைவிட, 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்கிப் போட்டால் ஆட்டம் கண்கூடாக வேகம் பிடிக்கும்.

நமது சேலத்துக்காரர் வீட்டில் முடிவானதும் இந்த வழிதான். இந்த வருஷம் ‘ஜி’ வகைப் பிராசசர், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர். அடுத்த போனஸில் கிராபிக்ஸ் கார்டு. விளக்கு மின்னும் கேபினட் பட்டியலிலிருந்து விழுந்தது. மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கடன் இல்லை.

ராம் விலையில் மட்டும் அவசியம் எச்சரிக்கை தேவை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தனது ‘குரூஷியல்’ சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆறு மாதத்துக்கு முன் யாரோ எழுதிய விலைப்பட்டியலை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

கரண்ட் கணக்கு

எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் தான் மட்டும் போகாது. கூட இருப்பதையும் கொண்டுபோகும். எனவே பெயர் தெரியாத இலவசப் பெட்டி வேண்டாம். உதாரணமாக ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ கார்டு 115 வாட் எடுக்கும். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடும்படி என்விடியா நிறுவனமே சொல்கிறது. ‘80 பிளஸ்’ என்ற முத்திரை, மின்சாரம் வீணாவது குறைவு என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. பாதுகாப்புக்கான அத்தாட்சி அல்ல. கம்பெனிப் பெயரையும், எத்தனை வருஷ வாரண்டி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டு யு.பி.எஸ். 600 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு போட்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் முழுமூச்சில் ஓடினால் அது திணறும். கேபினட் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தகர ஷீட் வேய்ந்த அறைகளில் இருப்போருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு

பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பலர் ஆசைப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் ‘ஈதீரியம்’ நாணயத்தின் முறை மாறி, கார்டு கொண்டு அதைத் தோண்டும் வேலை நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அப்போது சந்தைக்கு வந்தன. பழைய கார்டு எல்லாமே மோசம் என்பதல்ல. கண்ணெதிரே அரைமணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்டினால், மின்விசிறி ஓசையும் சூடும் பார்த்து வாங்கலாம். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள்.

கடைவீதியில்

இங்கே கம்ப்யூட்டர் பாகம் என்றால் செகந்தராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர். சி.டி.சி. என்றால் எல்லாருக்கும் தெரியும். பாலாநகர் மெட்ரோ நிலையத்தில் ஏறி, அமீர்பேட்டில் வண்டி மாறி, பாரடைஸ் நிலையத்தில் இறங்கலாம். ஒரே கடையில் முடிக்காமல் மூன்று கடைகளில் எழுதி வாங்குங்கள். “பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்” என்பார்கள். சம்மதிக்க வேண்டாம். வரி 18 சதவீதம்தான். ஆனால் மூன்று வருஷ வாரண்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேம் என்றதும் சூதாட்டம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. பிள்ளைகள் கேட்பது அதுவல்ல. கிரிக்கெட் மட்டை மாதிரி ஒரு பொருள்தான். அதே கிராபிக்ஸ் கார்டு கேட் வரைபடத்துக்கும் உதவும். 1968 முதல் டூல் டிசைன் கற்றுத்தரும் மத்திய நிலையம் நமது பாலாநகரிலேயே இருக்கிறது. அங்கே சேர நினைக்கும் பையனுக்கு இந்தப் பெட்டி இரவில் விளையாட்டு, பகலில் பாடம். எது எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பாகம் வாங்கும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.